எட்டாவது எலக்ட்ரான்

பந்து சுருங்கியிருந்தது.

எக்ஸ்ரே அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நீலப் படிகத்தின் மூலக்கூறு திரையில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கார்பன்கள், ஆக்சிஜன்கள், நட்டநடுவில் உலோகமான வனேடியம் என்று ஒவ்வோர் அணுவும் பந்தாக உருண்டு திரண்டு தன்னிடத்தில் உட்கார்ந்திருக்க, வனேடியத்தின் உச்சந்தலையில் இருந்த நைட்ரஜன் மட்டும் கடுகாய்ச் சிறுத்துக் கிடந்தது.

"நீ நைட்ரஜன் இல்லையே," என்றாள் வாய்விட்டு. அறையில் வேறு யாரும் இல்லை. இயந்திரத்திடம் பேசுவது அவளுக்குப் பழக்கம். எதிர்த்துப் பேசாத ஒரே சக ஊழியர் அதுதான்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. வேதியியல் துறையில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. புதிதாக வந்த காவலாளி ஒருமுறை அந்தப் பெயரை நம்பி, முழங்கால் வலி என்று கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "இங்க எடுக்கிறது சர்க்கரைத் துணுக்கைவிடச் சின்ன கல்லுக்குத்தான். உங்க முட்டி உள்ள நுழையாதுங்க," என்று சொல்லி, கையோடு நல்ல மருத்துவர் ஒருவரின் விலாசமும் கொடுத்து அனுப்பினாள்.

செய்கிற வேலை அதுதான். மாணவர்கள் மாதக்கணக்கில் காய்ச்சிக் கலக்கி வளர்த்த படிகத்தைச் சின்னக் குப்பியில் கொண்டுவருவார்கள். அவள் அதில் ஒரே ஒரு துணுக்கை எண்ணெய்த் துளியில் தொட்டு எடுத்து, தலைமுடி கனமுள்ள வளையத்தில் ஏற்றி, குளிர்ந்த காற்றில் நிறுத்தி, எக்ஸ்ரேயைப் பாய்ச்சுவாள். எலக்ட்ரான்கள் எங்கெங்கே குவிந்திருக்கின்றன என்று இயந்திரம் காட்டும். எந்தக் குவியல் எந்த அணு என்று பெயர் வைப்பது மனிதர் வேலை. அங்கேதான் சங்கதி இருக்கிறது. கணினி சொன்ன பேச்சைக் கேட்கும். ஆக்சிஜனைக் காட்டி நைட்ரஜன் என்றாலும் சரி என்று தலையாட்டிவிடும். ஆனால் நைட்ரஜனுக்கு ஏழு எலக்ட்ரான், ஆக்சிஜனுக்கு எட்டு. எட்டு இருக்கிற இடத்துக்கு ஏழு என்று கணக்குக் கொடுத்தால், அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பந்து தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு சுருங்கும். பத்தொன்பது வருடமாக அவள் நம்பி வந்தது மனிதர்களை அல்ல, இந்தப் பந்துகளைத்தான்.

பெயரை மாற்றிப் பார்த்தாள். நைட்ரஜனை அழித்து ஆக்சிஜன் என்று அடித்தாள். ஒரே நிமிடத்தில் பந்து பக்கத்துப் பந்துகளின் அளவுக்கு வந்து நின்றது.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அந்த ஒற்றை நைட்ரஜனின் மேல்தான் துறைத்தலைவரின் மொத்தப் பெருமையும் ஏறி உட்கார்ந்திருந்தது.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மூணுகோட்டார். கரும்பலகையில் எந்த இரண்டு அணுவைக் கண்டாலும் நடுவில் மூன்று கோடு இழுத்து முப்பிணைப்பு போட்டுவிட வேண்டும் அவருக்கு. வனேடியத்துக்கும் ஒற்றை நைட்ரஜனுக்கும் நடுவில் இதுவரை யாரும் காணாத வகை முப்பிணைப்பு ஒன்றைப் பிடித்துவிட்டதாக இரண்டு வருடமாகப் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சேர்மத்தில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிட்டன என்பதும், அப்படியிருந்தும் வெளிறிப்போகாமல் அது நீலமாக இருப்பதுதான் அதிசயம் என்பதும் அவர் வாதம். கட்டுரை எழுதி அனுப்பியாகிவிட்டது. படிகத்தின் அளவுக் கோப்பு மட்டும் பாக்கி. அதில் அளந்தவர் பெயர் வேண்டும்.

அளந்தவருக்கோ இந்த மாதம் ஒரு பெரிய விஷயம் காத்திருந்தது. எக்ஸ்ரே அக்கா பத்தொன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு வருடமும் புதுக் கடுதாசி, ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் வருமோ வராதோ என்ற பயம். இந்த முறை வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. மூணுகோட்டார் பரிந்துரையில் கையெழுத்துப் போட்டால் போதும். கடுதாசி அவர் மேசையில் தயாராக இருக்கிறது என்று அலுவலக உதவியாளர் வந்து காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

முதலில் அவள் கூப்பிட்டது படிகத்தை வளர்த்த ஆராய்ச்சி மாணவியை. முப்பது வயது, கல்யாணமாகி மூன்று வயதில் பெண் குழந்தை, ஐந்தாவது வருடமாக ஆராய்ச்சி. துறையில் அவள் பெயர் நீலம். அந்தச் சேர்மத்தைத் தொட்டுத் தொட்டு நகக்கண் எல்லாம் நீலமாகவே இருக்கும்.

நீலம் திரையைப் பார்த்தாள். நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"ஆக்சிஜனா அக்கா?"

"ஆக்சிஜன்தான். எங்கயோ ஈரக் காத்து உள்ள போயிருக்கு."

"மத்த அளவெல்லாம் பொருந்துச்சே."

"பொருந்தத்தான் செய்யும். நைட்ரஜனை எடுத்துட்டு ஆக்சிஜனை வச்சா மொத்த மின்சுமை மாறாது. சுத்தி இருக்கிற கூடு அச்சு அசல் அப்படியே இருக்கும். ஒரே ஒரு எலக்ட்ரான்தான் கூடுதல்." அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "காந்த நிறமாலை எடுத்தியே, எலக்ட்ரான் எல்லாம் ஜோடின்னா கோடு கூர்மையா வரணுமே, வந்துச்சா?"

"வரவே இல்லக்கா. பரந்து பரந்து கிடந்துச்சு. அந்தக் கருவி சரியில்லைன்னு சார் சொன்னார்."

"நிறை அளந்த கருவி?"

"அதுவும் சரியில்லைன்னார்."

"ஆக இந்தக் கட்டடத்துல சரியா இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

நீலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்க. என் பட்டம் அவர் கையில இருக்கு," என்று எழுந்து போனாள். அக்காவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தன் வேலையும் அதே கையில்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

மூணுகோட்டார் படத்தைப் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். அச்சடித்த தாளை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"பந்து சுருங்கினா கட்டிப் போடுங்க."

கட்டிப் போடுவது என்றால் அந்தத் தொழிலில் இதுதான்: இந்தப் பந்து பக்கத்துப் பந்தின் அளவுக்கே இருக்க வேண்டும் என்று கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்துவிடுவது. குலைந்து கிடக்கிற படிகத்துக்கு நியாயமாகவே அப்படிச் செய்வார்கள். அதற்குப் பிறகு பந்து வீங்கவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. படம் பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும்.

"கட்டிப் போட்டா பந்து வாயை மூடிக்கும் சார். ஆனா அந்த இடத்துல ஒரு எலக்ட்ரான் மிச்சம் நிக்கும். கோப்பைச் சரிபார்க்கிற நிரல் அதைப் பிடிச்சு, ஏன்னு கேட்கும். பதில் எழுதியாகணும்."

"எழுதுவோம்." அவர் பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். "இதை அந்தக் கட்டத்துல அடிச்சுடுங்க."

*அளவீட்டின் தரம் குறைவு. மிச்சம் காட்டுவது அதனால் வந்த பிழை.*

அவள் அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை புரிந்தது. இரண்டாவது முறை காது மடல் சூடேறியது.

"அளந்தது நான்தானே சார்."

"அதனால என்ன? எத்தனையோ அளவு மட்டமா அமையுறது சகஜம்தானே."

"அந்தப் படிகம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. புள்ளி ஒவ்வொண்ணும் ஊசி குத்தின மாதிரி விழுந்திருக்கு. இந்த வருஷம் எடுத்ததுலயே இதுதான் சுத்தமான அளவு. அதை மட்டம்னு என் கையாலயே எழுதச் சொல்றீங்களா?"

மூணுகோட்டார் நாற்காலியில் சாய்ந்தார். அதுவரை மரியாதைக்குப் போட்டுக்கொண்டிருந்த 'நீங்க' அந்தச் சாய்வில் கழன்று விழுந்தது.

"இதோ பாரு. வெள்ளிக்கிழமை வெளியிலேருந்து குழு வருது. நான் இதைப் பத்திப் பேசப் போறேன். அதுக்குள்ள கோப்பு போயிருக்கணும். உன் கடுதாசியும் இங்கதான் இருக்கு." மேசையில் இருந்த பச்சை உறையை இரண்டு விரலால் தட்டினார். "பத்தொன்பது வருஷம் பொறுமையா இருந்தவ, இன்னும் நாலு நாள் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா?"

அவள் அந்தத் துண்டுத் தாளை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவரவர் கண்ணுக்கு அவரவர் மூன்று கோடு.

வீட்டில் அம்மா ஏற்கெனவே ஊர்முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. மகளுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்று பெரியப்பா மகன்கள் தொடங்கி, கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள்வரை தெரியும். அப்பா போன பிறகு அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிற வீடு அது. நாற்பத்தாறு வயதில் மகள் தனிக்கட்டையாகவே நின்றுவிட்ட துக்கத்தை அம்மா இந்த ஒரு செய்தியை வைத்துத்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் விஷயத்தைச் சொன்னாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த ரெண்டும் பக்கத்துப் பக்கத்து அணுதானே?"

"ஆமாம்மா. அட்டவணையில அடுத்தடுத்த வீடு."

"அப்ப ஒரே ஒரு எழுத்தை மாத்தி எழுதினா என்னடி குடிமுழுகிப் போகுது?"

"தலையெழுத்தும் எழுத்துதாம்மா."

"வாயாடாதே. எனக்கு எழுபத்தி மூணு வயசாச்சு. நான் கண்ணை மூடுறதுக்குள்ள உனக்குன்னு ஒரு பிடிமானம் வேணாமா? அந்த ஆள் என்ன கொலையா பண்ணச் சொல்றார்? எல்லாரும் பண்றதுதான்."

மகள் பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அளவீட்டின் தரம் குறைவு. அம்மா இப்போது கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன் வேலை மட்டம்னு எழுதச் சொல்றானா?"

"ஆமா."

"உன்னையே எழுதச் சொல்றானா?"

"ஆமா."

அம்மா மறுபடி கத்தியை எடுத்து, அந்தக் காய் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல நறுக்கத் தொடங்கினாள். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யாருக்கும் தொலைபேசியில் பேசவும் இல்லை.

செவ்வாயும் புதனும் எக்ஸ்ரே அக்கா கோப்பை அனுப்பவில்லை. கேட்டபோதெல்லாம் "ஓடிட்டிருக்கு சார்" என்றாள். உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது அவள் மூளை. எக்ஸ்ரே படத்தை வைத்து வாதாடினால் அவர் தரம் குறைவு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். யாரும் தரம் குறைவு என்று தள்ள முடியாத சோதனை ஒன்று வேண்டும். யோசிக்க யோசிக்க அவளுக்கு அந்தக் கூடுதல் எலக்ட்ரான்தான் நினைவுக்கு வந்தது. இது உண்மையிலேயே நைட்ரஜன் என்றால் எல்லாம் ஜோடி. ஆக்சிஜன் என்றால் ஒன்று ஜோடியில்லாமல் வனேடியத்தின் மேல் தனியாக நிற்கும். ஜோடி சேர்ந்தவை காந்தத்தைக் கண்டால் லேசாக விலகும். தனிக்கட்டையோ காந்தத்தை இழுக்கும். இரண்டு வருடமாக யாரும் இதைச் செய்து பார்க்கவில்லை. எல்லாம் ஜோடி என்று தலைவர் சொன்ன பிறகு காந்தம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

பழைய குளிர்விப்பான் பம்பிலிருந்து கழற்றிய முரட்டுக் காந்தம் ஒன்று அவள் இழுப்பறையில் கிடந்தது. இளநிலை மாணவர்களின் செய்முறைக் கூடத்தில் மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தது. வியாழக்கிழமை நீலத்திடம் சொன்னாள்: "நாளைக்கு நான் ஒரு கேள்வி கேட்கப் போறேன். உன்னை எதுவும் கேட்க மாட்டேன். நீ பாட்டுக்கு உட்கார்ந்திரு." நீலம் நகத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கருத்தரங்கக் கூடம் நிரம்பியிருந்தது. வெளிக்குழுவில் நான்கு பேர். அவர்களுக்குத் தலைவி, நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு பேராசிரியை. கேட்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாத முகம். மூணுகோட்டார் ஐம்பது நிமிடம் பேசினார். நீலப் படிகத்தின் படத்தைச் சுவர் அளவுக்குப் போட்டு, வனேடியத்துக்கும் உச்சியில் இருந்த பந்துக்கும் நடுவில் சிவப்பு ஒளியால் மூன்று கோடு இழுத்துக் காட்டினார். பந்து கட்டிப் போடப்பட்டிருந்தது. வேறு யாரையோ விட்டுச் செய்திருக்கிறார்.

"யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம்," என்று முடித்தார்.

அந்தக் கூடத்தில் இது வழக்கமான வாக்கியம். யாருக்காவது என்றால் பேராசிரியர்களுக்கு என்று அர்த்தம். மாணவர்கள் கேட்பதுண்டு, பயந்து பயந்து. தொழில்நுட்ப ஊழியர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து விளக்கை அணைப்பார்கள், போடுவார்கள். அந்தக் கடைசி வரிசையிலிருந்து எக்ஸ்ரே அக்கா எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார். இதுல எலக்ட்ரான் எல்லாம் ஜோடின்னு சொன்னீங்க. காந்தத்துல வச்சுப் பார்த்தீங்களா?"

கூடத்தில் இருந்த தலை எல்லாம் பின்னால் திரும்பியது.

"அது தேவையில்லை," என்றார் மூணுகோட்டார். "அப்புறம் தனியா பேசலாம். உட்காருங்க."

"ரெண்டு நிமிஷ வேலை சார். தராசு கொண்டுவந்திருக்கேன்." அவள் வாசல் பக்கம் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. கூடத்தின் முழு நீளத்துக்கும் அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

"சோதிக்கப் பொருள் இல்லைம்மா," அவர் குழுவைப் பார்த்துச் சிரித்தார். "இருந்ததெல்லாம் அளவுகளுக்கே தீர்ந்துபோச்சு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் இருந்தது ஊசிமுனை அளவு; தராசுக்குப் போதாது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். அவ்வளவுதானா என்று தோன்றியது.

"இருக்கு சார்."

முன்வரிசையில் நீலம் எழுந்து நின்றாள். வெள்ளை அங்கியின் பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தாள். பாதிவரை நீலப் பொடி. வாயை உருக்கி மூடியிருந்தது. நேற்றே தயார் செய்திருக்க வேண்டும்.

கிராப்புத் தலைப் பேராசிரியை முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. நானே எண்ணைப் படிக்கிறேன்," என்று எழுந்து தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரை உட்காருங்கள் என்று சொல்ல மூணுகோட்டாருக்கு வாய் வரவில்லை.

அக்கா தராசின் மேல் மரக்கட்டையை வைத்து, அதன் மேல் காந்தத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினாள். "காந்தத்துக்கு மேல குழாயைக் கொண்டுவருவேன். தொட மாட்டேன். குழாய்ல இருக்கிறது காந்தத்தைத் தள்ளினா எண் கூடும். இழுத்தா காந்தம் மேல எழும்பப் பார்க்கும், எண் மைனஸுக்குப் போகும்," என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. தராசு முன்னால் நின்றால் அவளுக்கு எதுவும் நடுங்காது.

முதலில் அதே மாதிரிக் குழாயில் சாதாரண உப்பு. அதில் எல்லாம் ஜோடி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"பிளஸ் நாலு," என்று படித்தார் பேராசிரியை.

பிறகு நீலம் கொண்டுவந்த குழாய். அக்கா அதைக் காந்தத்துக்கு மேலே, முன்பு பிடித்த அதே உயரத்தில் பிடித்தாள். எண் ஆடியது. பிளஸ் மறைந்தது.

"மைனஸ் இருபத்தாறு."

"இரும்புக் கரண்டி பட்டிருக்கும்!" மூணுகோட்டாரின் குரல் ஒரு படி ஏறியது. "துரு ஒட்டியிருக்கும். பொருளைக் கையாளத் தெரியாதவங்க."

"பிளாஸ்டிக் கரண்டி சார்," என்றாள் நீலம். "நீங்க வாங்கிக் கொடுத்ததுதான்."

எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார். பேராசிரியை அக்காவின் கையிலிருந்து குழாயை வாங்கி, தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். மைனஸ் இருபத்தைந்து. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எக்ஸ்ரேல அந்த உச்சி அணு எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார்.

"நைட்ரஜன்னு சொன்னா சுருங்குது. ஆக்சிஜன்னா சரியா இருக்கு. திரையில நீங்க பார்த்தது கட்டிப் போட்ட பந்து. நான் கட்டலை." பையில் நான்கு நாளாக மடிந்து கிடந்த துண்டுத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். "என் அளவு மட்டம்னு என்னையே எழுதச் சொன்னாங்க. எழுத மாட்டேன். அளவு சுத்தமா இருக்கு. இது நைட்ரஜன் இல்லை."

கூட்டம் கலைகிற வேளையில் மூணுகோட்டார் யாருடனும் பேசாமல் பக்கக் கதவு வழியாகப் போனார். திரையில் மூன்று கோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வேலை அக்காவுடையது. அவள்தான் போய் அணைத்தாள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நீலத்துக்கு இன்னொரு வருடம் கூடியது, வேறு வழிகாட்டியிடம். ஈரக் காற்றை உள்ளே விட்ட, வாயுக் குழாயின் ரப்பர் வெடிப்பை அவளே கண்டுபிடித்தாள். ஆனால் அதெல்லாம் பிறகு; கூட்டம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை அலுவலக உதவியாளர் எக்ஸ்ரே அறைக்கு வந்து உறையை நீட்டினார். பச்சை உறை இல்லை, பழுப்பு. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிற அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒப்பந்தம் மாத இறுதியோடு முடிகிறது. புதுப்பிக்கப்பட மாட்டாது. காரணம்: *அளவீட்டின் தரம் குறைவு.* கீழே மூணுகோட்டாரின் கையெழுத்து.

வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பத்தொன்பது வருடம் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்த உடம்பு அது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "காரணம் என்னன்னு போட்டிருக்கான்?" என்றாள் அம்மா. மகள் வாசித்தாள். "யார் கையெழுத்து?"

"அவர் கையெழுத்துதான்."

"உன் கையெழுத்து இல்லையே?"

"இல்லம்மா."

"சரி, வேலையைப் பாரு," என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள். அன்றைக்குப் பெரியப்பா மகன்கள் தொடங்கிக் கீழ்வீடுவரை மறுபடியும் தண்டோரா போனது. என் பொண்ணு எழுத மாட்டேன்னுட்டா, என்பது இந்த முறை செய்தி.

மகள் கடுதாசியை அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினாள். அதற்குப் பக்கத்தில் நீலப் படிகத்தின் படத்தையும் ஒட்டினாள். கட்டிப் போடாத பந்தோடு.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது நடைபாதையில் ஆட்கள் நின்றார்கள். முதலில் ஏதோ கலாட்டா என்று நினைத்தாள். கிட்டே வந்த பிறகுதான் ஒவ்வொருவர் கையிலும் குப்பி இருப்பது தெரிந்தது. பச்சை, ஆரஞ்சு, நிறமே இல்லாதது. மூன்றாவது மாடிக்காரர்கள், பக்கத்துக் கட்டடத்துப் பௌதிகக்காரர்கள், இதுவரை எட்டிப் பார்க்காத இரண்டு பேராசிரியர்கள். மாத இறுதிக்குப் பதினேழு நாள்தான் இருந்தது. அதற்குள் தங்கள் படிகத்தை அவள் அளந்துவிட வேண்டும்.

"வேற ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமே?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, நீங்க அளந்ததுன்னு இருக்கணும்," என்றான் முன்னால் நின்றவன். பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "வரிசையா வாங்க. குப்பி மேல பேர் எழுதியிருக்கணும்," என்று அதட்டினாள்.

மத்தியானத்துக்குள் பதினான்கு குப்பி சேர்ந்துவிட்டது. வரிசையின் கடைசியில் அலுவலக உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் ஒரு குப்பி. அடியில் சிவப்புப் படிகம். மேலே பெயர் இல்லை.

"யாரோடது அண்ணே?"

அவர் நடைபாதையின் மறுமுனையில் மூடியிருந்த துறைத்தலைவர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "யாருன்னு சொல்ல வேணாம்னாரும்மா. சும்மா அளந்து மட்டும் கொடுக்கச் சொன்னார்."

எக்ஸ்ரே அக்கா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நல்ல படிகம்தான். விளிம்பெல்லாம் கூர்மையாக இருந்தது. மூடியைச் சரியாக இறுக்கி, அவர் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"அளந்து கொடுக்கிறேன். முதல்ல அவர் கையால அவர் பேரை இது மேல எழுதி அனுப்பச் சொல்லுங்க."